புஷ்காஷ் பயிற்சியாளராகத் தோற்றவரா?

கேள்வி இதுதான்: "ஹங்கேரியின் ஃபெரென்ஸ் புஷ்காஷ் ஆட்டக்காரராக எட்ட முடியாத உயரத்தில் இருந்தவர். ஆனால் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் நாடு நாடாகச் சுற்றியும் சொல்லும்படி எதுவும் செய்யவில்லை என்கிறார்களே, அது சரியா?"

சரியில்லை என்பதுதான் என் பதில். அப்படிச் சொல்பவர்கள் கோப்பைகளை மட்டும் எண்ணுகிறார்கள். எந்த மாதிரி அணிகள் அவர் கைக்கு வந்தன, எந்தக் கதவுகள் அவருக்கு மூடியிருந்தன என்று பார்ப்பதில்லை. தோல்விகள் நிறையவே உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் ஏதென்ஸிலும் மெல்போர்னிலும் அவர் செய்துவிட்டுப் போனதை அறிந்த பிறகும் அவரைத் தோற்ற பயிற்சியாளர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில் ஆட்டக்காரர் புஷ்காஷைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பயிற்சியாளர் அங்கிருந்துதான் வருகிறார். 1927இல் புடாபெஸ்டில் பிறந்து, கிஷ்பெஷ்ட் என்ற புறநகர்ப் பகுதியில் வளர்ந்தவர். அப்பாவும் கால்பந்துக்காரர், பின்னாளில் கிஷ்பெஷ்ட் கிளப்பின் பயிற்சியாளர். அடுத்த வீட்டுப் பையன் யோஷெஃப் போஜிக், பிற்காலத்தில் ஹங்கேரியின் மிகச்சிறந்த மிட்ஃபீல்டர்களில் ஒருவர். இருவரும் காலி மனைகளில் பந்து உதைத்து வளர்ந்தார்கள். ஹங்கேரியர்கள் கடைசிவரை புஷ்காஷை 'ஓச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். நம் மொழியில் 'தம்பி'. எழுபது வயதிலும் அவர் அந்த நாட்டுக்குத் தம்பிதான்.

கிஷ்பெஷ்ட் கிளப்பை 1949இல் ராணுவம் எடுத்துக்கொண்டு ஹொன்வேத் என்று பெயர் மாற்றியது. புஷ்காஷுக்கு ராணுவப் பதவியும் கிடைத்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம். 1953 நவம்பர் 25 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்த ஆட்டம். அடுத்த மே மாதம் புடாபெஸ்டில் அதே இங்கிலாந்துக்கு 7-1. பிறகு 1954 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில், பெர்ன் நகரில், மேற்கு ஜெர்மனியிடம் 2-3 என்ற தோல்வி. ஹங்கேரிக்காக அவர் ஆடியவை 85 ஆட்டங்கள், அடித்தவை 84 கோல்கள்.

1956 அக்டோபரில் ஹங்கேரியில் புரட்சி வெடித்தது. நவம்பரில் சோவியத் டாங்கிகள் அதை நசுக்கின. அந்த நேரத்தில் ஹொன்வேத் அணி ஐரோப்பிய கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) ஆட்டத்துக்காக வெளிநாட்டில் இருந்தது. நவம்பர் 22 அன்று ஸ்பெயினின் பில்பாவோவில் அத்லெடிக் அணியிடம் 3-2 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டத்தைப் புடாபெஸ்டில் நடத்த வழியில்லாமல் டிசம்பரில் பிரசெல்ஸில் ஆடினார்கள், 3-3. புஷ்காஷ் ஊர் திரும்பவில்லை. ஃபிஃபா தடை விதித்தது. தடை முடிந்து 1958இல் ரியல் மாட்ரிட் அவரை எடுத்தபோது வயது 31, உடம்பு பெருத்திருந்தது. அந்த உடம்போடு ஸ்பானிய லீக்கில் 180 ஆட்டங்களில் 156 கோல்கள் அடித்தார். 1960இல் கிளாஸ்கோவில் நடந்த ஐரோப்பிய கோப்பை இறுதிப்போட்டியில் ஃபிராங்க்ஃபர்ட் அணியை மாட்ரிட் 7-3 என்று வென்றது. அதில் நான்கு கோல்கள் புஷ்காஷுடையவை, மூன்று அவருடைய சக ஆட்டக்காரர் டி ஸ்டெஃபானோவுடையவை.

1966இல் ஓய்வு பெற்றார். வயது 39. இனி என்ன செய்வது?

அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் பயிற்சியாளராக விரும்பினால் வழி ஏறக்குறைய ஒன்றுதான்: சொந்த நாட்டிலோ, தன் பழைய கிளப்பிலோ தொடங்க வேண்டும். புஷ்காஷுக்கு இரண்டும் இல்லை. ஹங்கேரிக்குள் அவர் கால் வைக்க முடியாது. ரியல் மாட்ரிட்டில் மிகேல் முன்யோஸ் 1960 முதல் 1974 வரை நகராமல் உட்கார்ந்திருந்தார், அதுவும் வெற்றி மேல் வெற்றியாகக் குவித்துக்கொண்டு. ஆகவே புஷ்காஷ் கிடைத்த இடத்துக்குப் போனார். அவர் நாடு நாடாகச் சுற்றியதைக் குறையாகச் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தச் சுற்றலில் பாதி, நாடு இல்லாத ஒருவரின் சுற்றல்.

முதல் ஆண்டுகள் மோசம். 1967இல் அமெரிக்காவில் சான்ஃபிரான்சிஸ்கோ கேல்ஸ். மறு ஆண்டு அந்த அணி கனடாவின் வான்கூவர் ராயல்ஸோடு கலந்துவிட, அங்கே. வான்கூவருக்குப் பயிற்சியாளராக ஏற்கெனவே அமர்த்தப்பட்டிருந்தவர் பாபி ராப்ஸன் என்ற இளம் ஆங்கிலேயர். இரண்டு முதலாளிகள், இரண்டு பயிற்சியாளர்கள் என்ற குழப்பத்தில் ராப்ஸன் கிளம்பி இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பின்னாளில் இங்கிலாந்து அணியையும் பார்சிலோனாவையும் நடத்திய அதே ராப்ஸன்தான். அப்புறம் ஸ்பெயினில் அலாவெஸ். பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

1970இல் ஏதென்ஸிலிருந்து பானத்தினைகோஸ் என்ற கிளப் கூப்பிட்டது.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கிரேக்க லீக் முறைப்படி தொழில்முறை லீக்காக மாறியதே 1979இல்தான். நாட்டில் ராணுவ ஆட்சி. கிரேக்க கிளப்புகள் ஐரோப்பிய கோப்பையில் ஓரிரண்டு சுற்று தாண்டினாலே பெரிய விஷயம். கேப்டன் மிமிஸ் டோமாஸோஸ் குள்ளமான, பந்தை விட்டுக்கொடுக்காத மிட்ஃபீல்டர். முன்னால் அன்டோனிஸ் அன்டோனியாடிஸ், நெடிய உருவம், தலையால் அடிப்பதில் மன்னன். நல்ல ஆட்டக்காரர்கள்தான், ஆனால் வெளியூர் மைதானத்தில் பெரிய அணியைக் கண்டதும் பின்வாங்கிப் பழகியவர்கள்.

முதல் சுற்றில் லக்ஸம்பர்க்கின் ஜுனெஸ் எஷ், எளிதாக முடிந்தது. அடுத்து ஸ்லோவன் பிராடிஸ்லாவா. அதற்கு ஓராண்டு முன்தான், 1969இல், பார்சிலோனாவைத் தோற்கடித்து கோப்பை வென்றோர் கோப்பையை (கப் வின்னர்ஸ் கப்) எடுத்த அணி அது. ஏதென்ஸில் 3-0 என்று அடித்து, வெளியூரில் 1-2 என்று தோற்று, மொத்தக் கணக்கில் கடந்தார்கள். காலிறுதியில் இங்கிலாந்தின் சாம்பியன் எவர்டன். கூடிசன் பார்க்கில் அன்டோனியாடிஸ் கோல் அடித்து முன்னிலை பெற்றுத் தர, கடைசி நிமிடத்தில் எவர்டன் சமன் செய்தது. 1-1. ஏதென்ஸில் 0-0. மொத்தக் கணக்கு சமமானால் வெளி மைதானத்தில் அதிகக் கோல் அடித்த அணி முன்னே போகும் என்பது அன்றைய விதி. வெளி மைதானத்தில் அடித்த அந்த ஒரு கோல்தான் அவர்களை அரையிறுதிக்குக் கொண்டுபோனது.

அரையிறுதியில் யூகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார். பெல்கிரேடில் 4-1 என்று நொறுங்கினார்கள். யாராக இருந்தாலும் கதை முடிந்தது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அந்த ஒரு கோல் இருந்தது. சொந்த ஊரில் 3-0 என்று வென்றால் மொத்தம் 4-4, வெளி மைதானக் கோல் கணக்கில் பானத்தினைகோஸ் முன்னே போகும். இரண்டு வாரம் கழித்து ஏதென்ஸ், லியோஃபோரோஸ் மைதானம். இரண்டாவது நிமிடத்திலேயே அன்டோனியாடிஸ் அடித்தார். இடைவேளைக்குப் பிறகு இன்னொன்றும் அவரே. மூன்றாவதைக் கமாராஸ் போட்டார். 3-0. இறுதிப்போட்டி.

ஐரோப்பிய கோப்பை இறுதிப்போட்டிக்குப் போன ஒரே கிரேக்க கிளப் இன்றுவரை அதுதான். சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறிய பிறகும், பணம் எத்தனையோ மடங்கு பெருகிய பிறகும், வேறு எந்தக் கிரேக்க அணியும் அந்த இடத்துக்கு வரவில்லை. அந்த சீசனில் ஐரோப்பிய கோப்பையில் அதிகக் கோல் அடித்தவர் அன்டோனியாடிஸ், 10 கோல்கள். பயிற்சியாளர் ஒன்றும் செய்யவில்லை என்பவர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்ல வேண்டும்.

இறுதிப்போட்டி 1971 ஜூன் 2, வெம்ப்ளியில். 6-3 ஆட்டம் நடந்த அதே வெம்ப்ளி. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் சறுக்கிக்கொண்டு வந்தபோது பந்தைக் காலடியில் பின்னிழுத்து அவரை வெறும் காற்றை உதைக்க வைத்து புஷ்காஷ் கோல் அடித்த மைதானம். இந்த முறை அவர் ஓரத்தில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ரினுஸ் மிக்கெல்ஸ் பயிற்சியளித்த நெதர்லாந்தின் அயாக்ஸ், அதில் 24 வயது யோஹான் க்ரைஃப். ஐந்தாவது நிமிடத்தில் டிக் வான் டைக் தலையால் கோல். அதன் பிறகு எண்பது நிமிடத்துக்கு மேல் பானத்தினைகோஸ் பிடித்து நின்றது. 87வது நிமிடத்தில் ஆரி ஹான் அடித்த பந்து டிஃபெண்டர் கப்சிஸ் மீது பட்டுத் திசைமாறி உள்ளே போனது. 2-0. அயாக்ஸ் அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதே கோப்பையை வென்றது. அப்படிப்பட்ட அணியிடம்தான் தோற்றார்கள்.

அதே ஆண்டு ஐரோப்பிய, தென் அமெரிக்க சாம்பியன்கள் மோதும் கண்டங்களுக்கு இடையிலான கோப்பையில் ஆட அயாக்ஸ் மறுத்துவிட்டதால் பானத்தினைகோஸுக்கு வாய்ப்பு வந்தது. உருகுவேயின் நசியோனால் அணியோடு சொந்த நாட்டில் 1-1, மொண்டேவீடியோவில் 1-2. 1972இல் புஷ்காஷ் கிரேக்க லீக்கையும் வென்றார். 1974 வரை அங்கே இருந்தார். கிரேக்க மொழி நன்றாகவே வந்துவிட்டது. இந்த மொழி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பேலா குட்மனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. 'ஹங்கேரியப் பயிற்சியாளர்' என்றதும் பலருக்கும் முதலில் வரும் பெயர் அவருடையது. பென்ஃபிகாவுக்கு 1961, 1962 இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பிய கோப்பை வாங்கிக் கொடுத்தவர். இருவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. குட்மன் கிஷ்பெஷ்ட்டின் பயிற்சியாளராக இருந்தபோது ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் ஒரு டிஃபெண்டரை இனி இறங்க வேண்டாம் என்றார். அப்போது மாற்று ஆட்டக்காரர் வழக்கம் கிடையாது, பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். கேப்டன் புஷ்காஷ் அந்த ஆளை "நீ இறங்கு" என்றார். குட்மன் அதோடு அந்த வேலையை விட்டார். 1957இல் ஊர் திரும்ப மறுத்த ஹொன்வேத் அணி தென் அமெரிக்காவில் சுற்றியபோது அதே குட்மன்தான் கூடப் போனார். 1962 இறுதிப்போட்டியில் மீண்டும் எதிரெதிரே: புஷ்காஷ் முதல் பாதியிலேயே மூன்று கோல் போட்டும் குட்மனின் பென்ஃபிகா 5-3 என்று வென்றது. அந்த ஆட்டம் முடிந்ததும் புஷ்காஷ் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தது பென்ஃபிகாவின் இருபது வயது யூசேபியோவுக்கு.

இவர்கள் இரண்டு துருவங்கள். குட்மன் தான் சொன்னதே சட்டம் என்பவர், மூன்றாவது ஆண்டு ஓர் அணியில் இருப்பதே ஆபத்து என்று நம்பியவர். புஷ்காஷ் அறையில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களோடு சிரித்துப் பேசுபவர். அந்த டிஃபெண்டரை அவர் இறங்கச் சொன்னதிலேயே வருங்காலப் பயிற்சியாளர் தெரிகிறார் என்பது என் எண்ணம். ஆட்டக்காரனை அவமானப்படுத்தி எதையும் சாதிக்க முடியும் என்று அவர் ஒருநாளும் நம்பவில்லை. இது அவருக்குப் பலமாகவும் இருந்தது, சில இடங்களில் பலவீனமாகவும் இருந்தது. கண்டிப்பு தேவைப்பட்ட அணிகளில் அவரால் நிலைக்க முடியவில்லை.

கிரீஸுக்குப் பிறகு ஸ்பெயினில் முர்சியா, சிலியில் கோலோ-கோலோ, சவூதி அரேபிய தேசிய அணி. 1978இல் மறுபடி ஏதென்ஸ், இந்த முறை ஏ.இ.கே. என்ற கிளப். சீசன் முடியும் முன்பே விலகினார்; அவர் தொடங்கி வைத்த அந்த சீசனில் அணி லீக்கை வென்றது. அப்புறம் எகிப்தின் போர்ட் செய்த் நகரத்து அல் மஸ்ரி. உலகின் மிகப்பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர் சூயஸ் கால்வாய் முனையில் இருக்கும் துறைமுக ஊரில் ஆண்டுக்கணக்கில் தங்கி, கெய்ரோவின் பெரிய கிளப்புகளோடு மல்லுக்கட்டும் ஓர் அணியை நடத்தினார். பிறகு பராகுவேயில் சோல் தெ அமெரிக்கா, செர்ரோ போர்டேனியோ. இவற்றில் சில இடங்களில் வேலை சரியாக அமையவில்லை, சிலவற்றில் நன்றாகப் போனது. 

இடையில் 1981இல், இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, முதல் முறையாக ஹங்கேரிக்குள் வர அனுமதி கிடைத்தது. பழைய ஆட்டக்காரர்களின் காட்சி ஆட்டம் ஒன்றில் இறங்கினார். தொந்தியோடு ஓடிய ஐம்பத்து நான்கு வயது மனிதரைப் பார்க்க ஜனம் திரண்டது.

1989இல் ஆஸ்திரேலியா. மெல்போர்னில் கிரேக்கக் குடியேறிகள் உருவாக்கிய கிளப் சவுத் மெல்போர்ன் ஹெல்லாஸ். ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். அந்த நாட்டில் கால்பந்து என்றாலே குடியேறிகளின் விளையாட்டு என்ற ஏளனம் வேறு. அங்கே போய் நின்றார் புஷ்காஷ், அறுபத்திரண்டு வயதில். ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் கிரேக்கம் வரும், ஏதென்ஸில் கற்றது.

அணியின் கேப்டன் ஒரு லெஃப்ட் பேக் (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்), ஏதென்ஸில் பிறந்து ஐந்து வயதில் பெற்றோரோடு கப்பலேறி மெல்போர்ன் வந்தவர். பெயர் ஆஞ்ஜ் போஸ்டெகோக்லு. அந்தக் குடும்பம் ஏதென்ஸை விட்டுக் கிளம்பியது 1970இல். புஷ்காஷ் ஏதென்ஸுக்கு வந்ததும் 1970இல்தான். பயிற்சியாளர் கிரேக்கத்தில் சொல்ல, கேப்டன் ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொல்வார். புஷ்காஷ் கார் ஓட்டுவதில்லை என்பதால் தன் பழைய காரில் அவரை ஏற்றி இறக்குவதும் கேப்டன் வேலை. அந்தக் கார்ப் பயணங்களில் கேட்டது பற்றிப் போஸ்டெகோக்லு பலமுறை பேசியிருக்கிறார். டி ஸ்டெஃபானோ, வெம்ப்ளி, புடாபெஸ்ட் என்று கதைகள். இருபத்து நான்கு வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்?

ஆஸ்திரேலிய லீக்கில் அப்போது பெரும்பாலும் உடல்வலு ஆட்டம், கவனமான தடுப்பாட்டம். புஷ்காஷ் இரண்டு பக்கமும் விங்கர்களை வைத்து, பந்தை முன்னே கொண்டுபோங்கள், கோல் அடியுங்கள் என்றார். எதிரணி எத்தனை போட்டாலும் நாம் கூட ஒன்று போடுவோம் என்ற மனநிலை. பயிற்சியில் பந்து இல்லாத ஓட்டம் அவருக்குப் பிடிக்காது. தவறு செய்தவனைத் திட்டுவதும் கிடையாது. எத்தனையோ பெரிய மேடைகளைப் பார்த்த மனிதர் தோள்மேல் கைபோட்டு "போய் விளையாடு" என்றால், வேலைக்குப் போய்விட்டு வந்த ஓர் ஆட்டக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்!

1990இல் லீக் கோப்பை வந்தது. 1991இல் லீக் இறுதிப்போட்டியில் நகரத்தின் பரம எதிரியான மெல்போர்ன் குரோஷியாவோடு மோதினார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் சமன் செய்து, 1-1 என்று பெனால்டிக்குப் போய், அதில் வென்று சாம்பியன் ஆனார்கள். புஷ்காஷ் 1992இல் கிளம்பினார்.

1993இல் கடைசியாக ஹங்கேரி தேசிய அணி, தற்காலிகப் பொறுப்பு. நான்கு ஆட்டங்கள், ஒரே வெற்றி: டப்ளினில் அயர்லாந்தை 4-2. உலகக் கோப்பைத் தகுதி வாய்ப்பு ஏற்கெனவே நழுவிய அணி அது. இதை அவர் கணக்கில் தோல்வியாக எழுதுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. தன் நாட்டு அணியின் பெஞ்சில் உட்கார அவருக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு, 66 வயதில் கிடைத்தது.

இனி கேள்விக்குத் திரும்புவோம். மிக்கெல்ஸ் போலவோ குட்மன் போலவோ புதிய ஆட்டமுறையை உருவாக்கியவர் அல்ல புஷ்காஷ். எதிரணியைக் காகிதத்தில் பிரித்து ஆராய்பவரும் அல்ல. நீண்ட காலம் ஓர் அணியைக் கட்டி எழுப்பியதும் இல்லை, பானத்தினைகோஸின் நான்கு ஆண்டும் அல் மஸ்ரி காலமும் தவிர. அவரிடம் இருந்தது வேறொன்று. தங்களைச் சின்ன அணி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களை அந்த நினைப்பிலிருந்து வெளியே கொண்டுவந்தார். 1971இல் ஏதென்ஸிலும் இருபது ஆண்டு கழித்து மெல்போர்னிலும் நடந்தது ஒரே காரியம்தான்.

அது அவரோடு நின்றுவிடவும் இல்லை. போஸ்டெகோக்லு 1998லும் 1999லும் அதே சவுத் மெல்போர்னைப் பயிற்சியாளராகச் சாம்பியன் ஆக்கினார். 2015இல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பை, 2019இல் ஜப்பானில் யோகோஹாமாவுக்கு லீக், பிறகு கிளாஸ்கோவில் செல்டிக். போன இடமெல்லாம் தாக்கி ஆடுவதை விடவில்லை, அது புஷ்காஷிடம் பெற்றது என்று மறைக்காமல் சொல்கிறார். 2025 மே 21 அன்று டாட்டனம் அணிக்கு யூரோப்பா லீக் வாங்கிக் கொடுத்தார், மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று. ஆட்டம் நடந்த ஊர் பில்பாவோ. 1956இல் ஹொன்வேத் ஆடிய பழைய சான் மமேஸ் இடிக்கப்பட்டு, அதை ஒட்டியே எழுப்பிய புதிய சான் மமேஸ் மைதானத்தில்.

புஷ்காஷ் 2006 நவம்பர் 17 அன்று புடாபெஸ்டில் காலமானார். கடைசி ஆண்டுகளில் அல்சைமர் நோய். புனித ஸ்டீபன் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். மெல்போர்னில் 2017இல் அவருக்குச் சிலை வைத்தார்கள், 1991 இறுதிப்போட்டி நடந்த ஒலிம்பிக் பார்க் இருந்த பகுதிக்குப் பக்கத்திலேயே.